அத்தியாயம் 6: ஐ5-7200யூ, ஐ5-8250யூ – இரண்டு பழைய பிராசஸர்களை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் முறை

பழைய மடிக்கணினி ஒன்றை வாங்குவதென்று தீர்மானித்து, கையிலுள்ள பணத்துக்குள் எது உத்தமம் என்று யோசிக்கிறவர்களுக்கு அடிக்கடி எதிர்ப்படுகிற பிரச்சினை, இன்டெல் கம்பெனியின் கோர் ஐ5-7200யூ என்ற பிராசஸர் பொருந்திய இயந்திரத்தை வாங்குவதா, அல்லது சற்று அதிக விலை கொடுத்துக் கோர் ஐ5-8250யூ பொருந்தியதை வாங்குவதா என்பதாகும். பெரிய அலுவலகங்கள் சில ஆண்டுகள் உபயோகித்துக் கழித்துவிட்ட மடிக்கணினிகள் துடைத்துச் சீர்செய்யப்பட்டு, சென்னை ரிச்சி தெரு போன்ற கடைவீதிகளில் விற்பனைக்கு அடுக்கப்படுகையில், லெனோவோ திங்க்பேட் டி470-க்குப் பக்கத்தில் டி480-உம், டெல் லாட்டிட்யூட் 7480-க்குப் பக்கத்தில் 7490-உம், எச்.பி. எலைட்புக் 840 ஜி4-க்குப் பக்கத்தில் ஜி5-உம் நிற்பதைக் காணலாம். ஒவ்வொரு ஜோடியிலும் முன்னது 2017-ஐயும் பின்னது 2018-ஐயும் சேர்ந்தவை. திரையின் அளவும் எடையும் வெளித்தோற்றமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால், விலையிலுள்ள வித்தியாசத்துக்கு ஆதாரம் என்ன என்பது வாங்குகிறவருக்குப் புலப்படுவதில்லை. அந்த ஆதாரம் பெரும்பாலும் உள்ளேயிருக்கிற பிராசஸர்தான். அது எவ்வளவு பெறும், யாருக்குப் பெறும் என்பதை நிதானமாக ஆராய்வதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

1. பெயரைப் படிக்கும் விதம்

முதலில் பெயரைச் சரியாகப் படிக்கக் கற்றுக்கொள்வது அவசியம். ஐ5 என்பது கம்பெனி தன் சரக்குகளுக்குள் வகுத்துக்கொண்ட அந்தஸ்தை மட்டுமே குறிக்கிறது; அதற்குப் பின்வரும் நான்கு இலக்கங்களில் முதல் இலக்கம் தலைமுறையையும், மற்ற மூன்றும் அந்தத் தலைமுறைக்குள் அதன் ஸ்தானத்தையும், கடைசியில் நிற்கும் யூ என்ற எழுத்து, குறைந்த மின்சாரத்தில் இயங்குமாறு மெல்லிய மடிக்கணினிகளுக்கென்று செய்யப்பட்டது என்பதையும் தெரிவிக்கின்றன. ஆகவே 7200யூ ஏழாம் தலைமுறையையும், 8250யூ எட்டாம் தலைமுறையையும் சேர்ந்தவை. முன்னது 2016 ஆகஸ்டிலும் பின்னது 2017 ஆகஸ்டிலும் அறிவிக்கப்பட்டன.

இந்த விதி தெரிந்த மாத்திரத்தில், எட்டு ஏழைவிடப் பெரிது, ஐ7 ஐ5-ஐவிட உயர்ந்தது என்று சுலபமாகத் தீர்ப்புச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். ஆனால் அப்படிச் சொல்பவர் ஏமாறுவதற்கு இடமுண்டு. ஐ7-7500யூ என்ற பிராசஸர், பெயரில் ஏழைத் தாங்கியிருந்தாலும், 7200யூ-வைப் போலவே, கோர் என்னும் கணக்கிடும் அலகுகள் இரண்டை மட்டுமே கொண்டது. பல கோர்களுக்கு வேலை கொடுக்கும் காரியங்களில் ஐ5-8250யூ அதைத் தெளிவாக மிஞ்சிவிடும். மறுபுறத்தில் ஐ3-8130யூ எட்டாம் தலைமுறை என்ற பட்டத்தைச் சுமந்திருந்தும் அதற்கும் இரண்டே கோர்கள்தான். மடிக்கணினியின் மாடல் பெயரையும் முழுமையாக நம்புவதற்கில்லை. 7490, 840 ஜி5 போன்ற பிந்திய மாடல்களில் சில, ஏழாம் தலைமுறைப் பிராசஸரோடும் விற்கப்பட்டிருக்கின்றன. ஆதலால் விற்பவர் வாயால் சொல்லும் ‘எட்டாம் தலைமுறை ஐ5’ என்ற வார்த்தையோடு திருப்தியடையாமல், இயந்திரத்தை இயக்கச் செய்து, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் என்ற மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் செயல்திறன் பக்கத்தைத் திறந்து, பிராசஸரின் முழுப்பெயரையும் கோர்களின் எண்ணிக்கையையும் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2. இரண்டுக்கும் பொதுவானவையும் வேறானவையும்

இவ்விரண்டும் 14 நானோமீட்டர் என்று வழங்கும் உற்பத்தி முறையில் செய்யப்பட்டவை. ஒவ்வொரு கோரின் உள்ளமைப்பும் அடிப்படையில் ஒன்றே. எட்டாம் தலைமுறை என்று புதுப்பெயர் சூட்டப்பட்டாலும், 8250யூ என்பது ‘கேபி லேக்’ என்று அழைக்கப்பட்ட அதே வடிவத்தின் புதுப்பிப்புத்தான். இரண்டுக்கும் நிர்ணயிக்கப்பட்ட வெப்ப வரம்பு 15 வாட். இரண்டுமே 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் உஷ்ணம் ஏறாதபடி தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொள்ளும். இரண்டுமே 32 ஜி.பி. வரை ரேமை ஏற்கும் என்று இன்டெல் குறிப்பிடுகிறது.

வேறுபடும் இடங்களுக்கு வருவோம். 7200யூ-வுக்கு 2 கோர்கள், 4 த்ரெட்கள் (ஒரே சமயத்தில் நடத்தக்கூடிய வேலைச் சரங்கள்), 3 எம்.பி. கேஷ் நினைவகம், அடிப்படை வேகம் 2.5 கிகாஹெர்ட்ஸ், டர்போ என்னும் உச்சவேகம் 3.1 கிகாஹெர்ட்ஸ். 8250யூ-வுக்கு 4 கோர்கள், 8 த்ரெட்கள், 6 எம்.பி. கேஷ், அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், உச்சவேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ். அதாவது, கோரும் த்ரெட்டும் கேஷும் சரியாக இரட்டித்திருக்க, அடிப்படை வேகம் மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கிறது.

அனுபவமில்லாதவர்கள் மயங்குகிற இடம் இதுதான். ஒன்றில் 2.5 என்றும் மற்றொன்றில் 1.6 என்றும் எழுதியிருப்பதைக் கண்டு, பழையதே வேகமானது என்று முடிவுகட்டி, அதையே வாங்கிச் செல்கிறவர்கள் உண்டு. விண்டோஸின் சிஸ்டம் பக்கத்தைத் திறந்தால் 2.50-க்கு அருகில் 2.71 என்றும், 1.60-க்கு அருகில் 1.80 என்றும் இன்னொரு எண் தென்பட்டு, அந்த மயக்கத்தை அதிகப்படுத்துவதும் உண்டு. மடிக்கணினி செய்கிற கம்பெனி அதிகச் சூட்டைத் தாங்கும் குளிரூட்டியைப் பொருத்தினால் அடிப்படை வேகத்தைச் சற்று உயர்த்திக்கொள்ளலாமென்று இன்டெலே அனுமதித்திருக்கிற உயர்நிலை எண்கள் அவை. அவற்றைக் கண்டு கலங்கவோ மகிழவோ காரணமில்லை.

3. அதே பதினைந்து வாட்டில் நான்கு கோர்கள்

அடிப்படை வேகம் குறைந்ததன் தாத்பரியத்தைப் புரிந்துகொள்ளாதவரையில் இந்த ஒப்பீடு பூர்த்தியாகாது. பிராசஸர் செலவிடும் மின்சாரம், அதன் வேகத்தோடு நேர்விகிதத்திலும், அதற்குக் கொடுக்கும் வோல்டேஜின் இருமடிக்கு ஏற்றவாறும் பெருகுகிறது. வேகத்தை உயர்த்த வேண்டுமானால் வோல்டேஜையும் உயர்த்த வேண்டியிருப்பதால், வேகம் சிறிது ஏறினாலும் செலவு மிகுதியாக ஏறிவிடுகிறது. இதையே தலைகீழாகப் பார்த்தால், வேகத்தைச் சிறிது தாழ்த்தினால் மின்சாரம் மிகுதியாக மிச்சப்படுகிறது என்பதும், அந்த மிச்சத்தைக் கொண்டு இன்னும் இரண்டு கோர்களைப் போஷிக்கலாம் என்பதும் விளங்கும். எட்டாம் தலைமுறையில் இன்டெலின் பொறியாளர்கள் கையாண்ட உபாயம் இதுவே.

இதைக் கணக்கால் பரிசோதிப்பது எளிது. அடிப்படை வேகம் என்பது நீடித்த சுமையிலும் நிர்ணயித்த வெப்ப வரம்புக்குள் நின்று கொடுக்கக்கூடியதென்று கம்பெனி உறுதிசொல்கிற வேகம். இரண்டு கோர்கள் 2.5 வீதம் ஓடினால் மொத்தம் 5. நான்கு கோர்கள் 1.6 வீதம் ஓடினால் மொத்தம் 6.4. ஆகவே, இரண்டும் தங்கள் அடிப்படை வேகத்துக்கே இறங்கிவிட்ட நிலையில்கூட, ஒரே 15 வாட்டுக்குள், பிந்தியது 28 சதவீதம் அதிக வேலையைச் செய்யும் தகுதியுள்ளது. குளிரூட்டி நன்றாக இருந்து நான்கு கோர்களும் 1.6-க்கு மேல் ஓட முடிகிறபோது இந்த இடைவெளி இன்னும் அகலும். முந்தைய தலைமுறையைக் காட்டிலும் 40 சதவீதம் வரை முன்னேற்றம் என்று 2017-இல் இன்டெல் விளம்பரம் செய்ததற்கு அஸ்திவாரம் கோர்களின் எண்ணிக்கைதான். ஒரு கோரின் தனித்திறமை அவ்வளவு வளர்ந்துவிடவில்லை.

ஒரே ஒரு கோரை மட்டும் வேலைவாங்கும் காரியங்களில் நிலைமை வேறு. உள்ளமைப்பு ஒன்றே என்பதால், உச்சவேகங்களான 3.4-க்கும் 3.1-க்கும் உள்ள விகிதமே ஏறத்தாழ அங்கே வித்தியாசம்; அது சுமார் 10 சதவீதம். கேஷ் பெரிதாயிருப்பது அத்துடன் கொஞ்சம் சேர்க்கும். மனிதக் கண்ணுக்கும் கைக்கும் இந்த வித்தியாசம் தெரிவது அரிது.

4. வேலையின் சுபாவம்

ஆகையினால், எந்தப் பிராசஸர் மேலானது என்ற கேள்விக்கு முன்னால், தம்முடைய வேலை பங்கிடக்கூடியதா என்று வாங்குகிறவர் கேட்டுக்கொள்ள வேண்டும். நாற்று நடுகிற வயலில் இருவருக்குப் பதில் நால்வர் இறங்கினால் நடவு சீக்கிரம் முடிகிறது. ஒருவர் எழுதவேண்டிய கடிதத்துக்கு நால்வர் கூடி உட்கார்ந்தால் அது சீக்கிரம் முடிவதில்லை. இந்த உண்மையைக் கணித ரூபத்தில் 1967-இல் எடுத்துச் சொன்னவர் ஜீன் ஆம்டால் என்ற கணினி வல்லுநர். அவர் காட்டிய வழியில் கணக்கிட்டால், ஒரு வேலையில் பாதி மட்டுமே பங்கிடத்தக்கதாயிருந்தால், இரண்டு கோர்களிலிருந்து அதே வேகமுள்ள நான்கு கோர்களுக்கு மாறுவதால் கிடைக்கும் லாபம் 20 சதவீதம்தான். பத்தில் ஒன்பது பங்கு பங்கிடத்தக்கதாயிருந்தால் லாபம் 69 சதவீதத்தை எட்டும்.

தட்டச்சு செய்வது, கடிதம் அனுப்புவது, சிறிய கணக்குத் தாள்களை நிரப்புவது, பாடங்களின் பி.டி.எஃப். படிப்பது முதலிய காரியங்களில் பிராசஸர் பெரும்பாலான நேரம் சும்மாவே இருக்கிறது. அவற்றுக்கு 7200யூ தாராளமாகப் போதும். வீடியோ தொகுத்து வெளியிடுவது, நூற்றுக்கணக்கான புகைப்படங்களை ஒருசேர மாற்றுவது, பெரிய கோப்புகளைச் சுருக்குவது, மென்பொருள் எழுதிக் கம்பைல் செய்வது, கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை ஓட்டுவது ஆகியவை பங்கிடத்தக்கவை. அவற்றில் 8250யூ-வின் மேன்மை நிமிஷக் கணக்கில் தெரியும். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது இன்றைய மாணவரின் சாதாரண நிலை: இணையவழி வகுப்பில் காமிரா ஓடிக்கொண்டிருக்க, பிரௌசரில் இருபது பக்கங்கள் திறந்திருக்க, பின்னணியில் வைரஸ் தடுப்பு நிரல் வட்டைத் துழாவிக்கொண்டிருக்கும் நிலை. தனித்தனியே பார்த்தால் இவை சிறு வேலைகளே. ஆயினும் ஒரே சமயத்தில் வந்து சேரும்போது இரண்டு கோர்கள் திணறுகின்றன, நான்கு கோர்கள் சமாளிக்கின்றன. பெரும்பாலோர் 8250யூ-வில் உணரும் சௌகரியம் இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

5. பரீட்சை செய்யும் முறை

சினிபெஞ்ச் ஆர்15 என்பது ஜெர்மனியின் மாக்சன் கம்பெனி வெளியிட்ட பரீட்சை நிரல். ஒரு சித்திரத்தைக் கணித்து வரையச் செய்து, அதற்கு ஆகும் காலத்தைக் கொண்டு மதிப்பெண் கொடுப்பது. ஒற்றைக் கோர்ப் பரீட்சையில் 7200யூ சுமார் 125-உம் 8250யூ சுமார் 145-உம் பெறுவது வழக்கம். எல்லாக் கோர்களையும் ஈடுபடுத்தும் பரீட்சையில் முன்னது சுமார் 320 பெறுகையில், பின்னது இயந்திரத்துக்கு ஏற்ப 500-க்கும் 600-க்கும் இடையே பெறுகிறது.

முன்னதன் மதிப்பெண் இயந்திரத்துக்கு இயந்திரம் அதிகம் மாறாமலிருக்க, பின்னதன் மதிப்பெண் இவ்வளவு ஊசலாடுவதற்குக் காரணம் உஷ்ணமே. சுமை ஏறிய முதல் சில பத்து விநாடிகளுக்கு, 15 வாட்டைக் கடந்து மின்சாரம் எடுத்துக்கொள்ள இந்தப் பிராசஸர்களுக்கு அனுமதியுண்டு. அந்தக் காலம் கழிந்ததும் அவை வரம்புக்குத் திரும்பிவிடுகின்றன. நான்கு கோர்களையும் உச்சவேகத்தில் ஓட்ட 15 வாட் போதாதாகையால், 8250யூ முதல் ஓட்டத்தில் காட்டிய வேகத்தை ஐந்தாம் ஓட்டத்தில் காட்டுவதில்லை. காற்றாடியில் தூசி அடைந்து, வெப்பம் கடத்தும் பேஸ்ட் காய்ந்துபோன இயந்திரமானால் வீழ்ச்சி இன்னும் அதிகம். சித்திரை வெயிலில் 35 டிகிரிக்கு மேல் கொதிக்கும் அறையில் உட்கார்ந்து வேலை செய்கிற நம்மவர்கள் இதை அலட்சியம் செய்யலாகாது. குளிரூட்டிய கடைக்குள் ஒருமுறை ஓட்டிக் காட்டும் பரீட்சை, வீட்டில் கிடைக்கப்போகும் வேகத்துக்குச் சாட்சியாகாது.

ஆகவே, வாங்குகிறவர் தாமே பரீட்சை செய்யும்போது கீழ்க்கண்ட முறையை அனுசரிப்பது நலம்.

முதலாவது, ஒப்பிடப்படும் இரண்டு இயந்திரங்களையும் சார்ஜரோடு இணைத்து, பவர் அமைப்பில் ஒரே நிலையில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, இரண்டிலும் ரேமின் அளவு சமமாயிருக்கிறதா, ஒரே துண்டாக இருக்கிறதா, இரண்டு துண்டுகளாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தப் பிராசஸர்கள் இரட்டை வழியில் ரேமை அணுகும் சக்தியுள்ளவை என்பதால், 8 ஜி.பி. ஒரே துண்டாக இருப்பதைவிட இரண்டு 4 ஜி.பி. துண்டுகளாக இருப்பது, விசேஷமாகப் படக்காட்சிகளில், அதிகப் பயன் தரும்.

மூன்றாவது, ஒன்றில் ஹார்ட் டிஸ்கும் மற்றொன்றில் எஸ்.எஸ்.டி.யும் இருந்தால் இயந்திரம் துவங்கும் வேகத்தைக் கொண்டு பிராசஸரை எடைபோடக் கூடாது. அங்கே வெல்வது எஸ்.எஸ்.டி.தான்.

நான்காவது, சினிபெஞ்சையோ, இலவசமாகக் கிடைக்கும் 7-ஜிப் நிரலுக்குள் அமைந்திருக்கும் பரீட்சையையோ, பத்து நிமிஷத்துக்குக் குறையாமல் விடாது ஓட்டி, முதல் எண்ணை ஒதுக்கி, கடைசியில் நிலைபெறும் எண்ணையே குறித்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவது, ஓட்டம் நடக்கையில் டாஸ்க் மேனேஜரில் வேகத்தைக் கவனித்து, அது அடிப்படை வேகத்துக்கும் கீழே இறங்குமானால், குளிரூட்டியில் கோளாறு உண்டென்று கொண்டு, தூசி நீக்கிப் புதுப் பேஸ்ட் தடவித் தரும்படி கேட்க வேண்டும், அல்லது வேறு இயந்திரத்தை நாட வேண்டும்.

6. வேகத்துக்கு அப்பாற்பட்ட இரண்டு விஷயங்கள்

படம் காட்டும் பகுதியைப் பொறுத்தவரை இரண்டுக்கும் சொல்லத்தக்க பேதமில்லை. எச்.டி. 620 என்ற பெயர் யூ.எச்.டி. 620 என்று மாறியிருக்கிறதே ஒழிய, இரண்டிலும் 24 இயக்க அலகுகளே உள்ளன. எச்.இ.வி.சி., வி.பி.9 ஆகிய வீடியோ முறைகளை இரண்டுமே வன்பொருளாலேயே விரித்துக் காட்டும். பிற்காலத்தில் வந்த ஏ.வி.1 முறைக்கு இரண்டிலுமே அந்த வசதி இல்லை. பெரிய விளையாட்டுகளை எதிர்பார்த்து இவ்விரண்டில் எதையும் வாங்குவது வீண்.

மற்றொரு விஷயம் மிக முக்கியமானது. 2021-இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11-ஐ வெளியிட்டபோது, இன்டெல் பிராசஸர்களில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அதை ஏற்கத்தக்கவை என்று, சொற்ப விலக்குகளோடு, எல்லை வகுத்தது, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சாதனமும் வேண்டுமென்று விதித்தது. அந்த எல்லைக்கு வெளியே 7200யூ-வும், உள்ளே 8250யூ-வும் நிற்கின்றன. விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிவடைந்துவிட்டன. ஒரே உள்ளமைப்பைக் கொண்ட இரண்டு பிராசஸர்களுக்கு நடுவே இப்படி ஒரு கோடு விழுந்தது நியாயமா என்று கேட்கத் தோன்றுவது இயல்பே. ஆயினும் வாங்குகிறவர் அந்தக் கோட்டை மதித்தே கணக்குப் போட வேண்டியிருக்கிறது. விதியைச் சுற்றி வளைத்து 7200யூ-வில் விண்டோஸ் 11-ஐ ஏற்றித் தருவதாகச் சொல்லும் கடைகள் உண்டு. அவ்வாறு ஏற்றிய இயந்திரத்துக்குப் புதுப்பிப்புகள் வந்தே தீரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் அளிப்பதில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

லினக்ஸ் உபயோகிக்கச் சித்தமாயிருப்பவர்களுக்கு இந்தத் தடையில்லை. உபுண்டு, மின்ட், டெபியன் ஆகியவை இரண்டு பிராசஸர்களிலும் சிக்கலின்றி ஓடுவதோடு, பாதுகாப்புப் புதுப்பிப்புகளையும் தொடர்ந்து அளித்து வருகின்றன. 2018 ஜனவரியில் வெளிப்பட்ட மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பாதுகாப்புக் குறைகள் இவ்விரண்டு பிராசஸர்களையுமே பாதித்தவை. அவற்றுக்குப் பரிகாரம் மென்பொருள் வழியாகவே வருவதால், புதுப்பிப்புகள் நின்றுபோன இயக்க அமைப்பில் இவற்றை இணையத்தோடு இணைத்து வைத்திருப்பது உசிதமன்று.

7. முடிவு

மேலே ஆராய்ந்தவற்றைக் கொண்டு வாசகர் தமக்குரிய தீர்மானத்துக்கு வரலாம். விண்டோஸில்தான் வேலை செய்ய வேண்டும், இன்னும் சில ஆண்டுகளாவது அதே இயந்திரம் உழைக்க வேண்டும் என்று கருதுபவர், விலை சற்றுக் கூடினாலும் 8250யூ-வையே வாங்க வேண்டும். வீடியோ, மென்பொருள் முதலிய கனமான வேலையுள்ளவருக்கும் அதுவே தக்கது. லினக்ஸில் எழுத்து வேலையும் படிப்புமே பிரதானம் என்பவர் 7200யூ-வை மலிவாக வாங்கி, மிச்சப்பட்ட பணத்தில் ரேமை 8 ஜி.பி.க்குக் குறையாமல் வைத்து, எஸ்.எஸ்.டி. பொருத்திக்கொண்டால், அதிக விலைக்கு வாங்கிய 8250யூ-வை 4 ஜி.பி. ரேமோடும் ஹார்ட் டிஸ்கோடும் வைத்துக்கொண்டு அவதிப்படுகிறவரைக் காட்டிலும் சுகமாக வேலை செய்வார். ஏற்கெனவே 7200யூ வைத்திருப்பவர் வேகத்தை மட்டும் நாடி அதை விற்றுவிட்டு மாற வேண்டியதில்லை. இந்தப் பிராசஸர்கள் மதர்போர்டோடு நிரந்தரமாகப் பற்றவைக்கப்பட்டவை என்பதால் பிராசஸரை மட்டும் மாற்றவும் இயலாது. முதலில் ரேமையும் எஸ்.எஸ்.டி.யையும் சீர்செய்து, காற்றாடியைத் துடைத்துப் பார்க்கட்டும். அதன் பிறகும் வேலை தடைப்பட்டால், அப்பொழுது நான்கு கோருக்கு மாறட்டும். எதை வாங்கினாலும், பணம் கொடுக்குமுன் டாஸ்க் மேனேஜரில் முழுப்பெயரைப் படித்து, பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்து, பிறகே வாங்குங்கள்.